பிள்ளை கேட்கும் கம்ப்யூட்டர்

வீரசோழன் சந்தையில் ஆடு வாங்க வருகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் கிழக்கே, வானம் பார்த்த சீமையில், சீமைக் கருவேலங்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. வாரச் சந்தைக்கும், அந்தச் சந்தையில் கை மாறும் ஆடுகளுக்கும் பேர் போனது. பக்ரீத் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

அங்கே ஆடு வாங்க வருகிறவர், விற்கிறவர் சொல்வதைக் காதில் போட்டுக் கொள்வதே இல்லை. வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவி எலும்பைப் பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். கடைசியில்தான் விலை.

அதே மனிதர், மகனோ மகளோ ஆசைப்பட்டார்கள் என்று கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறார். ஆட்டை விடப் பல மடங்கு விலையுள்ள சாமான். ஆனால் அங்கே என்ன செய்கிறார் தெரியுமா? "நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்!

பல்லைப் பார்க்கத் தெரியாத இடத்தில் மனிதன் இப்படித்தான் சாதுவாகிவிடுகிறான். அந்தப் பல்லை உங்களுக்குக் காட்டிக் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வீட்டுச் செலவை ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை இழுத்துக் கட்டத் தெரிந்த உங்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

சீட்டுப் பணம், ஆடு விற்ற பணம், வெளிநாட்டிலிருந்து அத்தாவோ அப்பாவோ அனுப்பிய பணம் என்று எந்தப் பணமாக இருந்தாலும், ஒரு முறை போனால் இன்னொரு முறை எளிதில் வராத பணம் அது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அது என்ன விளையாட்டுக் கம்ப்யூட்டர்?

"பள்ளிக்கூடத்தில் கொடுத்த லாப்டாப் இருக்கிறதே, அதில் விளையாடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். பாடம் படிக்கவும், விண்ணப்பம் போடவும் அது போதும். விளையாட்டு என்று வந்தால் சங்கதி வேறு.

கம்ப்யூட்டர் திரை என்பது புள்ளிக் கோலம் மாதிரி. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள்: 20 லட்சத்துக்கு மேல். விளையாட்டு வழுக்கிக் கொண்டு ஓட வேண்டுமானால் இத்தனை புள்ளிகளையும் ஒரு நொடியில் 60 தடவை புதிதாக வரைய வேண்டும். அதாவது நொடிக்கு 12 கோடிப் புள்ளிகள்! மார்கழி மாதம் முழுவதும் போட்டாலும் தீராத கோலத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் போட்டாக வேண்டும்.

இந்தக் கோலம் போடும் வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் பகுதி. அது சில பிராசசர்களின் உள்ளேயே இருக்கும். அல்லது தனிக் கார்டாக வாங்கிச் செருக வேண்டும். விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் கண்ணாடியும், உள்ளே வண்ண வண்ண விளக்குகளும் மினுக்குகின்றனவே, அவற்றுக்கும் விளையாட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

இதிலிருந்தே முதல் சிக்கனம் கிடைக்கிறது. திரையின் அமைப்பை 1280-க்கு 720 என்று குறைத்துக் கொண்டால், வரைய வேண்டிய புள்ளிகள் 9 லட்சத்துச் சொச்சமாகிவிடும். பாதிக்கும் குறைவு. படம் சற்றே மங்கும். விளையாட்டு வேகமாக ஓடும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

முதலில் பெயரைக் கேளுங்கள்

கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும் என்று தெரியாமல் யாராவது அரிசி வாங்குவார்களா? அதுபோலத்தான் இதுவும். "என்ன விளையாடப் போகிறாய்?" என்று பிள்ளையைக் கேட்டு, நாலைந்து பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எந்த மாதிரி யந்திரம் தேவை என்று அதைத் தயாரித்தவர்களே வெளியிட்டிருப்பார்கள்.

பிள்ளைகளிடையே பிரபலமான வாலோரண்ட் என்ற துப்பாக்கி விளையாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு 4 ஜி.பி. ராமும், 2014-இல் வந்த ஜி.டி. 730 போன்ற சிறு கார்டும் இருந்தாலே நொடிக்கு 60 படம் ஓடும் என்று அதன் கம்பெனியே சொல்கிறது. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. 5 இதைவிடக் கனமானது. என்றாலும் அலங்காரங்களைக் குறைத்துக் கொண்டால் நடுத்தர யந்திரத்திலும் நன்றாகவே ஓடும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த புதிய இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம் விளையாட்டும் அப்படியல்ல. ஒளியின் போக்கைக் கணக்கிடும் தனி வசதியுள்ள கார்டு இல்லாவிட்டால் அவை ஓடமாட்டோம் என்று அடம் பிடிக்கும்.

முதல் இரண்டுக்கும் ஒரு செலவு. கடைசி இரண்டுக்கும் இன்னொரு செலவு. பட்டியல் கையில் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எந்தச் செலவைச் சொல்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டு என்றாலே சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைத்து முகம் சுளிக்கிறீர்களா? உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது. கனடாவில் டொரோண்டோ நகரத்திலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட "வெண்பா" என்ற விளையாட்டு. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அழிந்து போன எழுத்துக்களுள்ள தன் அம்மாவின் சமையல் புத்தகத்தை வைத்துக் கொண்டு சமைக்கிறாள். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர்! இந்த விளையாட்டு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா பரிசைப் பெற்றது. இதற்குப் பெரிய கார்டு எதுவும் தேவையில்லை. பிள்ளைக்கு வாங்கிய யந்திரத்தில் அம்மா இட்லி வார்த்துப் பார்க்கலாம்.

ஏன் தனித்தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும்?

ரேடியோவை யாரும் பாகம் பாகமாக வாங்குவதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அப்படி வாங்குகிறார்கள்? இதற்கு ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யை வெளியிட்டது. அவசரத்தில் செய்ததால், வெளியார் தயாரித்த பாகங்களையே பெரும்பாலும் வைத்துக் கட்டினார்கள். மற்றக் கார்டுகளைச் செருகுவதற்கும் இடம் விட்டார்கள். மற்றக் கம்பெனிகள் அதே அளவில் பாகங்கள் செய்ய ஆரம்பித்தன. 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறை வந்தது. திருகாணித் துவாரம் எங்கே இருக்க வேண்டும் என்பது முதல் அதில் வரையறுத்துவிட்டார்கள். அந்த அளவுதான் இன்றும் நடப்பில் இருக்கிறது.

அதன் பலன் என்னவென்றால், எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் எந்தக் கம்பெனி மதர்போர்டையும் பொருத்தலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இன்று கொஞ்சம், அடுத்த தீபாவளிக்குக் கொஞ்சம் என்று சேர்க்கலாம். லாப்டாப்பில் பெரும்பாலும் இது முடியாது. சென்னை ரிச்சி தெருவிலும், மதுரைக் கடைகளிலும் கம்ப்யூட்டர் பாகங்கள் மளிகைச் சாமான் போலச் சில்லறையாகக் கிடைப்பது இதனால்தான்.

நூறு ரூபாயைப் பங்கிடும் விதம்

இனி பணத்துக்கு வருவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆகவே ரூபாய்க் கணக்குச் சொல்வதைவிடப் பங்குக் கணக்குச் சொல்வதே உத்தமம். தனிக் கார்டு இல்லாமல், கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த பிராசசரை வைத்துக் கட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். மானிட்டர் நீங்கலாக 100 ரூபாய் செலவழித்தால், ஏறக்குறைய இப்படிப் பிரியும்: பிராசசருக்கு 30, மதர்போர்டுக்கு 15, ராமுக்கு 25, தகவலைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.க்கு 13, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 10, பெட்டிக்கு 7.

பிராசசரில், ஏ.எம்.டி. கம்பெனி 2021-இல் கடைக்குக் கொண்டுவந்த ரைசன் 5 5600ஜி இந்த வகைக்கு நல்ல உதாரணம். 6 கோர்களும் கிராபிக்ஸும் ஒன்றாக அமைந்தது. வாலோரண்ட் தாராளமாக ஓடும், ஜி.டி.ஏ. 5 நிதானமாக ஓடும். பிற்பாடு பணம் சேர்ந்தால் ஒரு தனிக் கார்டு வாங்கி அதே மதர்போர்டில் செருகிக் கொள்ளலாம். முன்பு வாங்கியது எதுவும் வீணாகாது.

ராம் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாதிரிப் பிராசசருக்குச் சொந்தமாகக் கிராபிக்ஸ் நினைவகம் கிடையாது. ராமையே பங்கு போட்டுக் கொள்கிறது. ஆகவே 16 ஜி.பி. என்றால், 16-இல் ஒன்றாக வாங்காமல் 8-இல் இரண்டாக வாங்க வேண்டும். ஒரு குழாயில் குடம் பிடிப்பதற்கும் இரண்டு குழாயில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அளவு ஒன்றே, ஆனால் விளையாட்டின் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் "ஒன்றாகவே வாங்குங்கள், பிறகு சேர்த்துக் கொள்ளலாம்" என்றால், "இரண்டாகவே கொடுங்கள்" என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அவர் நிமிர்ந்து உட்காருவார்.

"ராமுக்கு நூற்றுக்கு 25 ரூபாயா?" என்று ஏற்கெனவே கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மலைக்கலாம். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை இரண்டு மூன்று மடங்காக ஏறிவிட்டது. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் ராட்சசக் கம்ப்யூட்டர் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக் கொண்டு போவதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எங்கோ அமெரிக்காவில் கூடம் கட்டுகிறார்கள். இங்கே வீரசோழன் பையனின் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது! ஆகவே பழைய கம்ப்யூட்டர் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள ராம் டி.டி.ஆர். 4 வகையானால் 5600ஜி யந்திரத்துக்கு உதவும். அதிலும் லாப்டாப் ராம் குட்டையானது. மேஜைக் கம்ப்யூட்டரில் சேராது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

மானிட்டரை முதலிலேயே வாங்க வேண்டுமென்பதில்லை. வீட்டு டெலிவிஷனில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருந்தால் அதையே சில மாதம் திரையாக வைத்துக் கொள்ளலாம். டெலிவிஷனின் அமைப்புகளில் "கேம் மோடு" என்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும். சீரியல் நேரத்தில் சண்டை வரும். அதை நீங்கள்தான் தீர்த்துக் கொள்ள வேண்டும்.

குறைக்கவே கூடாத பத்து ரூபாய்

பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டு விழுவது பாவம், எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் கிடக்கும் பெட்டி. விளையாட்டு வேகத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. "கேபினட்டோடு சேர்ந்தே வருகிறது, 500 வாட்" என்று கடைக்காரர் தாராளமாகத் தருவார். வேண்டாம்!

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவும் 5 வோல்ட்டாகவும் மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பரிமாறுவது அதுதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். மேலே 500 என்று ஒட்டியிருக்கும். உள்ளே அந்தச் சக்தி இருக்காது. நல்லது என்றால் வோல்டேஜ் தாறுமாறாகப் போகும்போது தான் அணைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். மட்டமானது தான் போகும்போது மதர்போர்டையும் உடன்கட்டை ஏற்றிவிடும். "80 பிளஸ்" என்ற முத்திரையும், பேர் தெரிந்த கம்பெனியின் வாரண்டியும் உள்ளதாக 450 வாட் வாங்கினாலே போதும். கணக்குப் பாருங்கள்: 5600ஜி பிராசசருக்கு விதித்திருப்பது 65 வாட், பிற்பாடு ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 6 ஜி.பி. வகையைச் சேர்த்தால் அதற்கு 70 வாட். மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் 450-ஐத் தொடாது. தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் வீண்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். பல் பார்த்து வாங்கலாம்.

பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் சில வருஷம் உழைத்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. டெல், எச்.பி., லெனோவா கம்பெனிகளின் கெட்டியான பெட்டிகள் அவை. ஒன்றை வாங்கி, தனி மின்சார வயர் தேவைப்படாத சிறு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால், குறைந்த செலவில் நல்ல விளையாட்டு யந்திரம் ஆகிவிடும். மதர்போர்டுத் துவாரம் ஒரு கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இன் சில வகைகளும், மேலே சொன்ன 3050-இன் 6 ஜி.பி. வகையும் அந்த 75-க்குள் அடங்குபவை.

ஆனால் மூன்று சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்று: பிராசசர் எத்தனையாவது தலைமுறை? இண்டெல் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. ஏழாவது, ஆறாவது தலைமுறை யந்திரங்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால்தான் அவை மலிவாகக் குவிகின்றன. "பதினொன்று போட்டே தருகிறேன்" என்பார்கள். குறுக்கு வழியில் போட்டது எந்த அப்டேட்டில் மக்கர் செய்யுமோ, தெரியாது. லினக்ஸ் என்ற இலவச முறையைப் போட்டு நிறைய விளையாட்டுகளை ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் வாலோரண்ட் அதில் ஓடாது. பிள்ளையின் பட்டியலை மறுபடி பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டு: பெட்டி எந்த அளவு? ஒல்லிப் பெட்டிகளில் முழு உயரக் கார்டு நுழையாது. குட்டைக் கார்டுதான் நுழையும். உள்ளங்கை அகலக் குட்டிப் பெட்டிகளில் எந்தக் கார்டும் நுழையாது. உயரமான டவர் பெட்டியே நமக்கு உகந்தது.

மூன்று: பழைய கார்டு உண்மையானதா? 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்நாணயத்தின் முறை மாறியது. அதுவரை அந்த நாணயத்துக்காக இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் வேலையற்றுப் போய், உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. செக்கிழுத்துக் களைத்த மாடுகள் அவை. இன்னும் மோசம், அரதப் பழைய கார்டின் உள்ளே பெயரை மட்டும் மாற்றிப் புதிதென்று விற்பது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவசச் சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பல போலிகள் பல்லை இளித்துவிடும். அதோடு, அரை மணி நேரம் உங்கள் கண்ணெதிரே ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சந்தையில் ஆட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதில்லையா? அதேதான். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

புதியதோ பழையதோ, பில் வாங்குங்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பில் இல்லையேல் வாரண்டி இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்கிறவர்களும் யோசிக்க வேண்டும். துபாயில் வாங்கிய கார்டு கெட்டுப் போனால் அதைத் துபாய்க்கே அனுப்ப வேண்டி வரலாம்.

வெயில், தூசி, கரண்ட்

சென்னையில் கட்டுவது வேறு. வீரசோழனில் கட்டுவது வேறு. இந்தச் சீமையில் கம்ப்யூட்டருக்கு மூன்று சத்துருக்கள்.

முதல் சத்துரு வெயில். பெட்டிக்குள் இருக்கும் விசிறிகள் அறைக் காற்றைத்தான் இழுத்து வீசுகின்றன. அறை சூடானால் பிராசசரும் அத்தனை டிகிரி கூடச் சூடாகும். 5600ஜிக்கு 95 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். தகரக் கூரையின் கீழ் சித்திரை மாத மத்தியானத்தில் விளையாட்டு தத்தளிப்பதற்கு யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டி வாங்கும்போது முன்பக்கம் வலைப் பின்னல் உள்ளதாகப் பாருங்கள். கண்ணாடி முகப்பு வேண்டாம். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

இரண்டாவது தூசி. மழை பொய்த்த காலத்தில் புழுதிக் காற்று. இந்தப் பக்கத்தில் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி சுடுகிறார்களே, அந்தச் சாம்பலும் சேரும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரமாவது தூக்கி வையுங்கள். மாதம் ஒரு முறை, கரண்டை அணைத்துவிட்டு, விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக் கொண்டு ஊதுகுழாயாலோ மென்மையான தூரிகையாலோ சுத்தம் செய்யுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது.

மூன்றாவது கரண்ட். ஒரு யு.பி.எஸ். அவசியம். விளையாட்டை நீட்டிக்க அல்ல. ஒழுங்காக அணைக்க அவகாசம் கிடைப்பதற்கு. 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் தாங்கும். தனிக் கார்டு இல்லாத யந்திரத்துக்குத் தாராளம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் "யு.பி.எஸ். மோடு" என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் விழித்துக் கொள்வதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

இதோடு எர்த். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று உறைக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். சாதாரணமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். யந்திரத்துக்கும் ஆகாது, குழந்தைகளுக்கும் ஆகாது. காய்ந்த மண்ணில் எர்த் குழி வேலை செய்யாது. கோடைக் காலத்தில் துளசிச் செடிக்கு ஊற்றுவது போல எர்த் குழிக்கும் அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிற சாமர்த்தியசாலி யாராவது வீட்டில் இருந்தால், அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாதீர்கள்.

வாங்கிய பிறகு வரும் செலவு

மின்சாரச் செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். யந்திரமும் திரையும் சேர்ந்து 150 வாட் இழுப்பதாக வைத்துக் கொண்டு, தினம் மூன்று மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். உங்கள் வீட்டு ரீடிங்கோடு இதைக் கூட்டி, எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இண்டர்நெட் கணக்குதான் பலர் மறப்பது. ஜி.டி.ஏ. 5-க்கு 72 ஜி.பி. இடம் வேண்டும் என்று முன்பே போட்டிருந்தார்கள். நாளைக்கு 1.5 ஜி.பி. தரும் செல்போன் பாக்கை வைத்துக் கொண்டு அதை இறக்குவதென்றால் 48 நாள், ஒரு மண்டலம்! அதுவரை வீட்டில் யாரும் வேறு எதையும் பார்க்கக் கூடாது. ஆகவே உங்கள் தெருவுக்குக் கேபிள் வழி பிராட்பேண்ட் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். வராவிட்டால், பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டில் இறக்கிக் கொண்டு வர ஒரு வெளி டிஸ்க் தேவைப்படும்.

விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வாலோரண்ட் இலவசம். எபிக் கேம்ஸ் என்ற கடை 2018-இன் இறுதியில் திறந்ததிலிருந்து அடிக்கடி இலவசமாகவும் விளையாட்டுகளைக் கொடுத்து வருகிறது. "திருட்டுப் பிரதி" போட்டுத் தருகிறேன் என்கிறவர்களை அண்ட விடாதீர்கள். அதன் வால் பிடித்து வைரஸ் வரும்.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும். விளையாட்டு என்று ஆரம்பித்து, ரம்மியில் போய் முடிந்து, பணத்தைத் தொலைத்த குடும்பங்களின் கதையைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டுகளைத் தனியாகப் பிரித்து ஆதரிக்கிறது. 2023-இல் சீனாவில் ஹாங்ஜோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவற்றுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆகவே எல்லாவற்றையும் சூதென்று ஒதுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். யந்திரத்தைக் கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில் வையுங்கள். பாங்கிக் கார்டின் எண்ணை அதில் பதிந்து வைக்காதீர்கள். எத்தனை மணி வரை என்பதை, வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் அது பேச்சாக இராது, சண்டையாகிவிடும்.

பிள்ளையே கட்டட்டும்

கடையில் சேர்த்துத் தருவார்கள். இருந்தாலும், பிள்ளையைக் கொண்டே வீட்டில் கட்டச் சொல்லுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரு நட்சத்திரத் திருப்புளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் இரும்புச் சாமான் எதையாவது தொட்டு, உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தைப் போக்கிக் கொள்ள வேண்டும். பிராசசரின் ஒரு மூலையில் சிறு தங்க முக்கோணம் இருக்கும். மதர்போர்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் நேராக வைத்தால் தானே உட்காரும்; அழுத்தக் கூடாது. அழுத்தினால் பின் வளையும், பணம் போச்சு! அதன்மேல் சூட்டைக் கடத்தும் பசை, ஒரு பட்டாணி அளவு. புது விசிறியில் ஏற்கெனவே பசை தடவியிருந்தால் அதுவும் வேண்டாம். ராம் இரண்டும் "டக்" என்று சத்தம் கேட்கும்வரை உட்கார வேண்டும். தனிக் கார்டு போட்டிருந்தால் திரையின் வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் அநேகம்.

தன் கையால் கட்டிய பிள்ளை யந்திரத்தைத் தட்டிப் பேசமாட்டான். தூசி துடைப்பான். நாளைக்கு ஒரு பாகம் கெட்டால் எது கெட்டது என்று அவனுக்கே தெரியும். பெண் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால், திருப்புளியை அவள் கையிலும் கொடுங்கள். இந்த யந்திரத்தில் அவளுடைய பாடமும், உங்கள் சுய உதவிக் குழுவின் கணக்கும், கைத்தொழிலுக்கான படங்களும் எல்லாம் ஓடும். ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானாக வீட்டுக்குள் வந்தது, வீட்டுக்கே பொதுவான சாமானாகிவிடும்.

இனி கடைக்குப் போகும்போது தாளில் எழுதிய விளையாட்டுப் பட்டியலை எடுத்துக் கொள்ளுங்கள். மூன்று கடைகளில் பாகம் பாகமாக விலை எழுதி வாங்குங்கள். "விளக்குப் போட்ட கேபினட் எடுத்துக் கொள்ளுங்கள், அம்மா, ரொம்ப அழகாக இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். "அழகு இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். என்ன கம்பெனி?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பேசுகிற தோரணையே வேறாக இருக்கும்.